கைப்பேசி டேட்டா திட்டமும் கருவியும்: குமரி மாவட்ட உழவர் தேர்ந்தெடுக்கும் முறை



1960-களின் நடுவில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல் இரகம் பரவியபோது, மக்கள் அதனை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். வானொலி வழியே கேட்டறிந்து பயிரிட்ட நெல்லாகையால் அப்பெயர் வந்தது. அன்று வானொலி செய்த பணியின் பெரும்பகுதியை இன்று கைப்பேசி செய்கிறது. தமிழ்நாடு அரசு 2018-இல் அறிமுகப்படுத்திய 'உழவன்' செயலியில் மானியத் திட்டங்கள், விதை இருப்பு, சந்தை விலை முதலியவற்றை அறியலாம். 2019-இல் வெளிவந்த 'மேகதூத்' செயலி மாவட்ட வானிலையையும் அதற்கேற்ற பயிர் ஆலோசனையையும் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களிலும் தருகிறது. தோவாளையில் இன்று பிச்சிப்பூ என்ன விலை, மழை வருமுன் கன்னிப்பூ அறுவடையை முடிக்க இயலுமா என்பவற்றை வயல் வரப்பில் நின்றே கேட்டறியலாம்.

ஆனால் இதற்கு ஆகும் செலவை நம்மில் பலர் கணக்கிடுவதில்லை. 28 நாளுக்கு ரூ.299 கொடுத்து ரீசார்ஜ் செய்வோர் ஆண்டுக்கு 13 முறை செய்ய வேண்டும். அவ்வகையில் ஒரு கைப்பேசிக்கு ரூ.3,887 ஆகிறது. வீட்டில் மூன்று கைப்பேசி இருப்பின் ரூ.11,661. இஃது உழவர் குடும்பத்திற்குச் சிறு தொகையன்று. இத்தொகையைக் கொடுத்த பின்னரும் விளையில் நிற்கும்போது சிக்னல் கிடைக்காது போனால் கொடுத்த பணம் வீண்.

இதற்குக் காரணம் தேர்ந்தெடுக்கும் வரிசை தவறிப்போவதே. பெரும்பாலோர் முதலில் விளம்பரத்தைப் பார்த்துக் கைப்பேசியை வாங்குகின்றனர். அடுத்துக் கடைக்காரர் கூறும் திட்டத்தைப் போடுகின்றனர். சிக்னல் வருகிறதா என்பதைக் கடைசியில்தான் பார்க்கின்றனர். மண்ணையும் நீரையும் அறியாமல் விதையை முதலில் வாங்குவது போன்றது இது. சரியான வரிசை வருமாறு:

1. நம் நிலத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் எட்டுகிறது?
2. நமக்கு நாளொன்றுக்கு எவ்வளவு டேட்டா தேவை?
3. அத்தேவைக்கு எந்தத் திட்டம் சிக்கனமானது?
4. அந்த நிறுவனத்துக்கு எந்தக் கைப்பேசி பொருந்தும்?

இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

சிக்னலை அறிதல்

நம் மாவட்டத்தில் கடற்கரைக்கும் மலைக்கும் இடையே தொலைவு குறைவு. சுசீந்திரம் வயல் ஏலாவில் கிடைக்கும் சிக்னல் கீரிப்பாறை, பேச்சிப்பாறை மலைச்சரிவுகளில் கிடைக்கும் என்பதில்லை. குன்றுகளும் அடர்ந்த இரப்பர்த் தோட்டங்களும் அலைகளை மறிக்கின்றன.

அலைகளிலும் இரு வகை உண்டு. கோயில் திருவிழாவில் தவில் ஒலி ஊர் எல்லைவரை கேட்கும். ஜால்ராவின் ஒலி அருகில் நிற்போருக்கே தெளிவாகக் கேட்கும். அதுபோல 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் ஆகிய தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தொலைவு செல்லும்; வீட்டுச் சுவரையும் ஓரளவு கடக்கும். 2300, 3500 மெகாஹெர்ட்ஸ் ஆகிய உயர்ந்த அலைவரிசைகள் மிகுந்த டேட்டாவைச் சுமக்கும். ஆனால் தொலைவு செல்லா. எனவே நகரத்தில் வேகமாக இயங்கும் நிறுவனம் தோட்டத்திலும் அவ்வாறே இயங்கும் என்று எண்ணிவிடலாகாது.

சோதிக்கும் முறை எளிது. அண்டை வீட்டாரிடமும் உறவினரிடமும் உள்ள வெவ்வேறு நிறுவனக் கைப்பேசிகளைக் கொண்டு வீடு, வயல், சந்தை ஆகிய மூன்று இடங்களிலும் சோதித்தல் வேண்டும். காலையில் ஒரு முறையும், கூட்டம் மிகுந்த இரவு 7 மணி முதல் 9 மணிக்குள் ஒரு முறையும் பார்த்தல் நலம். திரையில் தெரியும் கோடுகளை மட்டும் நம்ப வேண்டா. கைப்பேசியின் செட்டிங்ஸ் பகுதியில், 'போனைப் பற்றி' என்னும் இடத்தில் சிம் நிலை என்ற தலைப்பின்கீழ் சிக்னல் வலிமை எண்ணாகக் காட்டப்படும். 4ஜி சிக்னலில் அது கழித்தல் 90-க்குள் இருப்பின் நன்று. கழித்தல் 100 முதல் 110 வரை எனில் சுமார். கழித்தல் 115-ஐத் தாண்டினால் பயனில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுப்படி நிறுவனங்கள் தத்தம் இணையதளத்தில் சேவை எட்டும் இடங்களின் வரைபடத்தை வெளியிடுகின்றன. அதனையும் பார்க்கலாம். ஆயினும் வரைபடத்தைக் காட்டிலும் வரப்பில் நின்று பார்ப்பதே உறுதியானது.

தேவையைக் கணக்கிடுதல்

டேட்டாவை ஜிபி என்னும் அளவால் குறிக்கின்றனர். ஒரு ஜிபி என்பது ஏறத்தாழ ஆயிரம் எம்பி. பயன்பாட்டின் அளவுகள் ஏறத்தாழ வருமாறு:

வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி, வங்கிப் பணப் பரிமாற்றம், வானிலைச் செயலி: மிகக் குறைவு.
நோய் தாக்கிய இலையின் படம் ஒன்று அனுப்ப: ஒரு எம்பிக்கும் குறைவு.
யூடியூபில் சாதாரணத் தெளிவில் ஒரு மணி நேரம்: அரை ஜிபி.
அதே நிகழ்ச்சி உயர்ந்த தெளிவில்: ஒரு ஜிபிக்கு மேல்.

வேளாண் பணிக்கென்று தேவைப்படும் டேட்டா மிகச் சிறிது என்பதும், பெரும்பகுதியைப் படக்காட்சிகளே உட்கொள்கின்றன என்பதும் இதனால் விளங்கும். செட்டிங்ஸில் டேட்டா பயன்பாடு என்னும் பகுதியில் எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்ற விவரம் உள்ளது. ஏழு நாள் கணக்கை எடுத்து ஏழால் வகுத்தால் நாள் தேவை கிடைத்துவிடும்.

'அன்லிமிடெட்' என்பதன் பொருள்

விளம்பரத்தில் 'அன்லிமிடெட்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பர். பெரும்பாலான திட்டங்களில் எல்லையற்றது பேச்சு மட்டுமே. டேட்டா நாளொன்றுக்கு 1 ஜிபி, 1½ ஜிபி, 2 ஜிபி என்று அளந்தே தரப்படுகிறது. அணையில் நீர் இருந்தாலும் மடை முறை வைத்துத் திறப்பதுபோல என்று கொள்க. அன்றைய பங்கு தீர்ந்தால் இணைப்பு அறுந்துபோவதில்லை; ஆனால் வேகம் பெரும்பாலும் வினாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படும். இவ்வேகத்தில் 200 கேபி அளவுள்ள ஒரு படம் வந்து சேர 25 வினாடி ஆகும். அரை ஜிபி அளவுள்ள ஒரு மணி நேரக் காட்சி வந்து சேர 17 மணி நேரத்துக்கு மேலாகும். எழுத்துச் செய்தி மட்டும் தடையின்றிப் போகும்.

டேட்டாவும் அளவின்றிக் கிடைக்கும் வழி ஒன்று உண்டு. அது 5ஜி. ஆயினும் இதற்கு மூன்று நிபந்தனைகள் உள்ளன. ஊரில் 5ஜி கோபுரம் இருத்தல் வேண்டும். கையில் 5ஜி கைப்பேசி இருத்தல் வேண்டும். திட்டமும் 5ஜிக்கு உரியதாக இருத்தல் வேண்டும். 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது ஜியோவும் ஏர்டெல்லும் நாளொன்றுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்களுக்கே இவ்வசதி என்று வரையறுத்தன. மூன்றில் ஒன்று குறைந்தாலும் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தால் பயனில்லை.

திட்டத்தை ஒப்பிடும் முறை

விலையை நேரடியாக ஒப்பிடாதீர்கள். விலையை நாள்களால் வகுத்து ஒப்பிடுக. 2024 ஜூலையில் ஜியோ நிறுவனம் அறிவித்த விலைகளைக் கொண்டு ஒரு கணக்குப் பார்ப்போம். இரண்டிலும் நாளொன்றுக்கு 1½ ஜிபி.

28 நாள், ரூ.299: நாளொன்றுக்கு ரூ.10.68
84 நாள், ரூ.799: நாளொன்றுக்கு ரூ.9.51

28 நாள் திட்டத்தை 13 முறை போட்டால் 364 நாளுக்கு ரூ.3,887. 84 நாள் திட்டத்தை நான்கு முறையும் 28 நாள் திட்டத்தை ஒரு முறையும் போட்டால் அதே 364 நாளுக்கு ரூ.3,495. மீதம் ரூ.392. விலைகள் அவ்வப்போது மாறக்கூடியவை. வகுத்துப் பார்க்கும் முறை மாறாது. ரீசார்ஜ் செய்யும் நாளன்று உள்ள விலையை வைத்து இக்கணக்கைப் போட்டுக்கொள்க. டிராய் நடத்தும் கட்டண ஒப்பீட்டு இணையதளத்திலும் எல்லா நிறுவனங்களின் திட்டங்களையும் ஒரே இடத்தில் காணலாம்.

மாதச் சம்பளம்போல் ஒரே தேதியில் கட்ட விரும்புவோர்க்கும் வழி உண்டு. 30 நாள் திட்டம் ஒன்றும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருத்தல் வேண்டும் என்று டிராய் 2022-இல் ஆணையிட்டது. கடையில் இதனைக் கேட்டு வாங்குக.

பேசுவதற்கு மட்டும் கைப்பேசி வைத்திருக்கும் முதியோருக்கு டேட்டா திட்டம் வேண்டியதே இல்லை. 2024 டிசம்பரில் டிராய் செய்த விதித் திருத்தத்தின்படி, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் தனியே தருதல் வேண்டும். 2025 ஜனவரியில் ஏர்டெல் இவ்வகையில் ஓராண்டுத் திட்டத்தை ரூ.1,849-க்கு அளித்தது. கடைக்காரர் தாமாக இதனைச் சொல்லாமற்போகலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

தோவாளைப் பக்கம் ஓர் உழவர் குடும்பத்தில் மூன்று கைப்பேசிகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று உழவருடையது, மற்றொன்று கல்லூரியில் படிக்கும் மகளுடையது, மூன்றாவது பாட்டியின் பொத்தான் போன். மூன்றுக்கும் ரூ.299 திட்டமே போட்டுவந்தால் ஆண்டுக்கு ரூ.11,661. உழவருக்கும் மகளுக்கும் 84 நாள் திட்டமாக மாற்றினால் இருவருக்கும் சேர்த்து ரூ.6,990. பாட்டிக்குப் பேச்சு மட்டுமான ஓராண்டுத் திட்டம் ரூ.1,849. மொத்தம் ரூ.8,839. ஒருவருக்கும் ஒரு வசதியும் குறையாமல் ரூ.2,822 மிச்சமாகிறது.

கைப்பேசியைத் தேர்ந்தெடுத்தல்

நிறுவனமும் திட்டமும் முடிவான பின்னரே கைப்பேசிக் கடைக்குச் செல்க. அங்குக் கவனிக்க வேண்டியவை:

அலைவரிசைப் பொருத்தம்: ஜியோ நிறுவனம் 4ஜிக்கு 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது. இதற்குக் கைப்பேசியில் பேண்டு 5, 3, 40 இருத்தல் வேண்டும். 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் தொடங்கிவைக்கப்பட்ட பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700, 2100 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்டு 28, 1 தேவை. பெட்டியின் மேலோ, தயாரிப்பாளரின் இணையதளத்திலோ இவ்வெண்களைக் காணலாம். மலையோர உழவர்கள் 5, 8, 28 ஆகிய தாழ்ந்த அலைவரிசைப் பேண்டுகளில் தம் நிறுவனத்துக்குரியது இருக்கிறதா என்று தவறாது பார்த்தல் வேண்டும்.

வோல்டி வசதி: ஜியோவில் 2ஜி, 3ஜி இல்லை. எனவே 4ஜி வழியே பேசும் வோல்டி வசதியில்லாத பழைய கைப்பேசியில் அந்தச் சிம் பேசாது.

5ஜியின் வகை: 5ஜியிலும் எஸ்ஏ, என்எஸ்ஏ என்று இரு முறைகள் உண்டு. ஜியோ எஸ்ஏ முறையிலும் ஏர்டெல் என்எஸ்ஏ முறையிலும் சேவையைத் தொடங்கின. 2024 நவம்பரில் குறைந்த விலையில் வந்த ரெட்மி ஏ4 5ஜி கைப்பேசி எஸ்ஏ முறையை மட்டுமே ஏற்பது. 'இது 5ஜி கைப்பேசியா' என்று மட்டும் கேட்காமல், 'என் சிம்மில் 5ஜி வருமா' என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

பூட்டப்பட்ட கருவி: ஜியோபோன், ஜியோ பாரத் ஆகியவை விலை மலிவானவை. ஆனால் அந்நிறுவனச் சிம்மில் மட்டுமே இயங்கும். பின்னாளில் நிறுவனத்தை மாற்ற எண்ணுவோர் இதனை மனத்திற்கொள்க.

வளைகுடாக் கைப்பேசி: நம் மாவட்டத்தில் பல வீடுகளில் வெளிநாட்டிலிருந்து உறவினர் கைப்பேசி கொண்டுவருவதுண்டு. அந்நாட்டுக்கெனச் செய்யப்பட்ட கருவியில் நம் நாட்டுப் பேண்டுகள் சில இல்லாதிருக்கலாம், வோல்டி இயங்காதிருக்கலாம், உத்தரவாதம் இங்குச் செல்லாதிருக்கலாம். கொண்டுவரச் சொல்லுமுன் மாடல் எண்ணைக் கேட்டறிந்து பேண்டுகளைச் சரிபார்த்தல் நலம்.

உழவருக்கான தகுதிகள்: ரேம் 4 ஜிபி, சேமிப்பு 64 ஜிபிக்குக் குறையாமலும், பேட்டரி 5,000 எம்ஏஎச் அளவிலும் இருத்தல் நன்று. வெயிலில் திரை தெரிகிறதா என்று கடைக்கு வெளியே வந்து பாருங்கள். இரண்டு சிம் போடும் வசதியும், பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதும் முக்கியம். உங்கள் சிம்மைக் கருவியில் போட்டு ஒருமுறை பேசிப் பார்த்த பின்னரே பணம் கொடுக்கவும். ரசீது பெறத் தவறாதீர்.

பழைய கைப்பேசி வாங்குவோர் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் தெரியும். கேஒய்எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் இடைவெளி விட்டு அவ்வெண்ணை எழுதி 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது திருட்டுக் கருவியென முடக்கப்பட்டதா என்பது தெரியவரும். நம் கருவி தொலைந்தால் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் முடக்கக் கோரலாம். எனவே ஐஎம்இஐ எண்ணை இப்போதே குறித்து வைக்கவும்.

எண்ணைக் காத்தல்

கைப்பேசி எண் இன்று பட்டாவைப் போன்றது. ஆதார், வங்கி, பி.எம்.கிசான் யாவும் அதனோடு இணைந்துள்ளன. 2018-இல் ஏர்செல் நிறுவனம் முடங்கியபோது தமிழகத்தில் ஏராளமானோர் எண்ணை இழக்காமல் வேறு நிறுவனத்துக்கு மாற அவசரப்பட நேர்ந்தது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி 2011 முதல் உள்ளது. ஆங்கிலத்தில் போர்ட் என்று எழுதி, இடைவெளி விட்டுப் பத்து இலக்க எண்ணை எழுதி 1900-க்கு அனுப்பினால் ஒரு குறியெண் வரும். அது நான்கு நாள் செல்லும். அதனுடன் புதிய நிறுவனத்தின் கடைக்குச் சென்றால் மூன்று வேலை நாள்களில் மாறிவிடலாம். சிக்னல் இல்லாத நிறுவனத்தில் இருந்து வருந்த வேண்டியதில்லை.

90 நாள் பயன்படுத்தப்படாத எண்ணை நிறுவனம் நிறுத்திவிடக்கூடும். வங்கியோடு இணைந்த எண்ணை அவ்வாறு விட்டுவிடாதீர்கள். கடவுச்சொல்லாக வரும் ஓடிபி எண்ணை எவர் கேட்பினும் கூறற்க. மானியம், காப்பீடு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் திறக்கற்க. பணம் பறிபோனால் தாமதியாது 1930 என்ற எண்ணை அழைக்கவும்.

புயற்காலத்தில்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். வாழையும் இரப்பரும் முறிந்து வீழ்ந்தன; மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் நின்றால் கோபுரமும் நெடுநேரம் இயங்காது. எனவே வீட்டில் உள்ள கைப்பேசிகள் யாவும் ஒரே நிறுவனத்தினுடையவையாக இராமல், இரண்டு நிறுவனங்களுடையவையாக இருத்தல் பாதுகாப்பு. பவர் பேங்க் ஒன்றை நிறைத்து வைக்கவும். செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கை வசதியை நிறுத்தாமல் வைத்திருங்கள். டேட்டா இல்லாத நிலையிலும் 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்துக்குக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றிப் பேசலாம்.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் வீடு, வயல் ஆகிய இரு இடங்களிலும் சிக்னல் எண் எவ்வளவு?
2. சென்ற ஏழு நாளில் நாளொன்றுக்கு எவ்வளவு டேட்டா ஆயிற்று?
3. உங்கள் திட்டத்தின் விலையை நாள்களால் வகுத்தால் எவ்வளவு?
4. வீட்டில் டேட்டா தேவையில்லாத கைப்பேசி எது?
5. உங்கள் கைப்பேசியின் ஐஎம்இஐ எண் எங்கே எழுதி வைக்கப்பட்டுள்ளது?

இவ்வைந்துக்கும் விடை எழுதிய பின்னர் அடுத்த ரீசார்ஜைச் செய்யுங்கள். மண்ணறிந்து விதைப்பதுபோல் சிக்னல் அறிந்து திட்டம் போட்டு, திட்டம் அறிந்து கருவி வாங்கி, உழவர் பெருமக்கள் சிக்கனமாகப் பயன்பெற வேண்டுமெனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.